பேர் கொடுக்கும் நேரம்

மார்ச் 24, திங்கள்
இடுப்பெலும்பு அறுவை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பகலில் தெளிவாகத்தான் இருக்கிறார். செய்தித்தாள் கேட்கிறார், காப்பியில் சர்க்கரை போதவில்லை என்கிறார். விளக்கு வைத்த பிறகுதான் பேச்சு மாறுகிறது. நேற்று இரவு போர்வையை விலக்கிவிட்டு, ஊன்றக் கூடாத காலை ஊன்றி எழப் பார்த்தபடி, "பேரு குடுக்க நேரமாச்சே தாயி, ஐயா கிளம்பிட்டாகளா?" என்று கேட்டார். அவர் ஐயா என்பது என் தாத்தாவை. தாத்தா இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மார்ச் 25, செவ்வாய்
இன்றும் அதே கேள்வி.

மார்ச் 27, வியாழன்
முதியவர்களுக்கு அறுவைக்குப் பின் இத்தகைய குழப்பம் வருவதுண்டு என்றும், பெரும்பாலும் தணிந்துவிடும் என்றும் மருத்துவர் சொன்னார். கண்ணாடியும் காதுக்கருவியும் அணிவித்து, கண்ணில் படும்படி கடிகாரம் மாட்டி, மெல்லிய விளக்கை எரிய விட்டிருக்கிறோம். குழப்பம் ஏன் வந்தது என்பதை மருத்துவம் சொல்லிவிடுகிறது. அந்தக் குழப்பத்தில் பேர் கொடுக்கும் சாவடி ஏன் வருகிறது என்பதை நாங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். 1871இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டு, எங்கள் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மீது பாய்ந்தது. உசிலம்பட்டிப் பக்கம் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும்; ரேகையைப் பதித்துவிட்டு, இரவில் பேர் கொடுத்துச் சாவடியில் படுக்க வேண்டும். 1947இல் இங்கே அது நீக்கப்பட்டபோது அப்பாவுக்கு ஆறு வயது. அப்பா ரேகை வைத்தவர் அல்லர், வைத்தவரின் மகன்.

மார்ச் 30, ஞாயிறு
அப்பாவிடம் படித்த ஒருவர் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். எங்கள் சமூகப் பிள்ளைகளுக்காக அரசு அமைத்த கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் அப்பா பணியாற்றிய காலம் முழுவதும் வகுப்பில் பெயர் சொல்லி வருகை எடுத்ததே இல்லையாம். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக முகங்களை நிமிர்ந்து பார்த்து, பேசாமல் குறித்துக்கொள்வாராம். பிள்ளைகள் அதை ஆசிரியரின் நினைவாற்றல் என்று வியந்திருக்கிறார்கள். எனக்கு அது நினைவாற்றலாகத் தோன்றவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்
கோயம்புத்தூரிலிருந்து மகன் ஓர் ஆய்வை அனுப்பியிருக்கிறான். ரேச்சல் யெஹூதா என்னும் ஆய்வாளர், நாஜிகளின் இன அழிப்பிலிருந்து தப்பிய 32 பேரையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 22 பேரையும் சோதித்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேல் படியும் வேதிக்குறிகளில் இரு தலைமுறையிடமும் மாற்றங்களைக் கண்டு 2015இல் வெளியிட்டார். ஆள் எண்ணிக்கை சிறியது. அதை வைத்துப் பயம் ரத்தத்தில் இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. இரவில் கதவு தட்டப்பட்டால் தகப்பன் மூச்சை அடக்குவதைப் பக்கத்தில் படுத்திருந்து பார்க்கும் குழந்தைக்கு வேறு எந்த வழியாக அது வந்து சேர வேண்டும்? நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் மகன் பேருந்தில் ஏறியதும் பயணச்சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறான்.

ஏப்ரல் 3, வியாழன்
பெருங்காமநல்லூர் நாள். 1920இல் அந்த ஊரில் ரேகை வைக்க மறுத்தபோது போலீசாரால் கொல்லப்பட்ட 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அப்பா ஆண்டுதோறும் நினைவுத்தூணுக்குப் போய் வருவார், வந்து ஒன்றும் சொல்லமாட்டார். இன்று படுத்தபடியே தேதி கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி
இரவுப் பணிக்கு வரும் செவிலியர் நல்ல பெண். "பேர் கொடுத்தாச்சு, படுங்க ஐயான்னு சொல்லிருங்கக்கா, தூங்கிருவாரு" என்கிறாள். அவள் சொன்னால் அவர் தூங்குவதும் உண்மை. என் வாயில் அந்தச் சொல் வரவில்லை. அதைச் சொன்னால் அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது என்று அவரிடம் நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். தம்பியோ, "சட்டம் எடுத்து எத்தனையோ வருசமாச்சுப்பா" என்று விளக்குகிறான். அது ஏதோ சூழ்ச்சி என்பதுபோல் அப்பா அவனைப் பார்த்து இன்னும் பதறுகிறார். பொய் சொல்லி உறங்க வைப்பதா, உண்மையைச் சொல்லி நடுங்க வைப்பதா? வாதாடாதீர்கள், பயத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்று மனநல ஆலோசகர் சொல்கிறார். அந்தப் பயத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்?

ஏப்ரல் 6, ஞாயிறு
கருமாத்தூரிலிருந்து அத்தை வந்துவிட்டார். அப்பாவுக்கு மூத்தவர், நினைவு பிசகாதவர். வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடி மிகச் சாதாரணமாகச் சொன்னார்: சட்டம் போன பிறகும் தாத்தா சாவடியில்தான் படுத்தாராம், வீட்டுக்குள் அவருக்கு உறக்கம் வரவில்லையாம். விடிவதற்கு முன்பே அப்பத்தா என் அப்பாவை எழுப்பி, "போயி ஐயாவக் கூட்டிட்டு வா" என்று அனுப்புவாராம். ஆறு வயதுப் பிள்ளை, இருட்டில், தனியாக. இதை ஏன் இதுவரை சொல்லவில்லை என்றேன். "கேட்டாத்தானே ஆத்தா" என்றார்.

ஏப்ரல் 7, திங்கள்
இரவு அப்பா கேட்டதும், "தாத்தா வீட்டுக்கு வந்துட்டாகப்பா, உள்ளே படுத்திருக்காக" என்றேன். இதைச் சொல்ல நாக்குத் தடுமாறவில்லை. அப்பா பின்னும் இரண்டு முறை எழ முயன்றார்.

ஏப்ரல் 9, புதன்
பகலில், காதுக்கருவி அணிவித்து, மகனைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, அத்தையை மறுபடி சொல்லச் சொன்னேன். பாதியில் அப்பா, "இல்லக்கா, தை அறுப்பு வரைக்கும் அங்கதான் படுத்தாக" என்று திருத்தினார். இதைப் பற்றி அவர் பகல் வெளிச்சத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. சாவடி எங்கே இருந்தது, தாத்தா என்று மகன் கேட்டான். ஊருணிக்குக் கிழக்கே என்று தொடங்கிக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, நடைப்பயிற்சி கொடுப்பவர் வந்துவிட்டார்.