கெடு தாண்டிய பிறகு ஒரு பாடத்தை விட்ட கதை

அமெரிக்காவில் எம்.எஸ். முதல் செமஸ்டர். மூன்று பாடம், 9 கிரெடிட். அதில் அட்வான்ஸ்டு அல்காரிதம்ஸ் என்னைப் புரட்டிப் போட்டது. மிட்டெர்மில் நூற்றுக்கு 31. அரியர் விழுந்தால் அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்கிற ஊர்ப் பழக்கம் விடவில்லை. பத்தாவது வாரம் போனது, பாடத்தை விடுவதற்கான வித்டிரா கெடுவும் அதோடு போனது.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். மற்ற இரண்டில் ஏ, பி வாங்கி இதில் எஃப், அதாவது ஃபெயில், விழுந்தால் ஜிபிஏ (நாலுக்குக் கணக்கிடும் சராசரி) 2.33. பாடத்தை விட்டால் டபிள்யூ என்று மட்டும் பதிவாகும், ஜிபிஏ 3.5. முதுநிலையில் 3.0-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் புரோபேஷன்தான், அதாவது எச்சரித்துக் கண்காணிப்பில் வைப்பார்கள்.

கெடுவுக்குப் பிறகு பாடத்தை விட, பல்கலைக்கழகத்துக்கு பெட்டிஷன் போட வேண்டும். "பாடம் ரொம்பக் கடினம்" என்று உருக்கமாக இரண்டு பக்கம் எழுதினேன். அட்வைசர் படித்துவிட்டுச் சிரித்தார். கை மீறிய காரணம்தான் அங்கே செல்லும். எட்டாவது வாரம் அப்பாவுக்கு பைபாஸ் நடந்திருந்தது. தேதி போட்ட டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்து, அரைப் பக்கத்தில் மாற்றி எழுதினேன்.

ஆனால் என்னைப் போல எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வந்தவர்கள் அதற்கும் முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். முழுநேரச் சுமைக்குக் கீழே இறங்க, டிஎஸ்ஓ (அந்த அலுவலகத்தில் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரி) முன்கூட்டியே செவிஸ் என்கிற அரசின் மாணவர் பதிவேட்டில் அனுமதி பதிய வேண்டும். அதற்குள் பாடத்தை விட்டால் விசா ஸ்டேட்டஸே போய்விடும். வேடிக்கை என்னவென்றால், அங்கே அப்பாவின் ஆபரேஷன் செல்லாது. மருத்துவக் காரணம் என்றால் மாணவருடைய உடல்நிலை மட்டும்தான். படிப்புக் காரணத்திலும் சிலவற்றைத்தான் ஏற்பார்கள். தன் நிலைக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்ந்துவிட்டது அதில் ஒன்று. என் விஷயத்தில் அதுவும் உண்மை. அதற்கு அடிப்படையான பாடத்தை பி.இ.யில் நான் படித்ததே இல்லை. அட்வைசர் அதைக் கடிதமாகக் கொடுத்தார். ஆக, ஒரே பாடத்தை விட இரண்டு அலுவலகத்துக்கு இரண்டு காரணம், இரண்டும் நிஜம்.

படிப்புக் காரணச் சலுகை எம்.எஸ். முழுவதற்கும் ஒரு தடவைதான். குறைந்தது 6 கிரெடிட் மிஞ்ச வேண்டும். எனக்குச் சரியாக ஆறு மிஞ்சியது. அடுத்த செமஸ்டரில் மறுபடி முழுச்சுமை.

முடிவு வர மூன்று வாரம். அதுவரை வகுப்புக்குப் போனேன், அசைன்மென்டும் கொடுத்தேன்; மறுத்துவிட்டால் பரீட்சை எழுதித்தானே ஆக வேண்டும்.

சம்மதித்தார்கள். கட்டிய ஃபீஸ் மட்டும் திரும்பி வரவில்லை. அதை அப்பாவிடம் சொல்ல ஆறு மாதம் ஆனது.