தாரேக்… தாஹான்… லெபாஸ்

4 மார்ச் 2025, செவ்வாய்
அப்பாவுக்கு இரைப்பையில் கட்டி. 18ஆம் தேதி ஆபரேஷன். இன்று ரத்தம், ஈசிஜி, மயக்க மருந்து டாக்டர் என்று ஒவ்வொரு கதவாக ஏறி இறங்கினோம். கடைசிக் கதவு பிசியோ, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இயன்முறை மருத்துவர். "வெட்டப்போறது வயித்த, நெஞ்சுக்கு எதுக்குப் பயிற்சி?" என்று முனகினார்.

பிசியோ மலாய்க்காரப் பெண். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் உழைத்த அப்பாவுக்கு மலாயில் சொன்னால்தான் மண்டையில் ஏறும். "தாரேக்… தாஹான்… லெபாஸ்." இழு, பிடி, விடு. மேல்வயிற்றைத் திறந்தால் வலிக்குப் பயந்து மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவோமாம். மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமும் சில நாள் சோம்பிக் கிடக்கும். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், நிமோனியா வரும். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்துப் பத்தாக இரண்டு சுற்று ஆழ்ந்த மூச்சு, சுற்று முடிந்ததும் மூன்று இருமல். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைக்க வேண்டும்.

ராத்திரி தேடிப் படித்தேன். 2018இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மேல்வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 441 நோயாளிகள். சிறு புத்தகம் மட்டும் வாங்கிப் போனவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல். அதோடு பிசியோ ஒரே ஒரு தடவை அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தவர்களில் 12 சதவீதம்தான். அப்பாவிடம் சொன்னேன். "ஆஸ்திரேலியாக்காரன் நெஞ்சு வேற" என்றார்.

9 மார்ச், ஞாயிறு
மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியை அப்பா பலூன் மாதிரி ஊதுகிறார். பந்து எப்படி ஏறும்? உறிஞ்ச வேண்டும் என்று பேத்தி செய்து காட்டினாள், மூன்றும் ஏறின. அப்பாவுக்கு ரோஷம். சாயங்காலத்துக்குள் இரண்டாவது பந்தை மூன்று விநாடி நிறுத்திவிட்டார். கருவி வெறும் ஊக்கத்துக்குத்தான், மூச்சும் நடையும்தான் மருந்து என்று பிசியோ சொன்னதை நான் அவரிடம் ஞாபகப்படுத்தவில்லை.

13 மார்ச், வியாழன்
திருட்டுத்தனமாகப் புகைக்கிறாரோ என்று அப்பாவின் சட்டைப் பையை மோந்து பார்த்தேன். சிகரெட் வாடை இல்லை. கோப்பிக் கடை வாடைதான்.

18 மார்ச், செவ்வாய்
ஐந்து மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர்.

19 மார்ச், புதன்
மூக்கில் குழாய், கையில், அழுத்தினால் வலி மருந்து இறங்கும் பொத்தான். மருந்து மயக்கத்தில் என்னையே அக்கா என்று கூப்பிட்டார். இந்த நிலையில் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு சொல்கூட ஏறியிருக்காது. காதருகில் "தாரேக்" என்றேன். கண் திறக்காமலே நெஞ்சு மெல்ல விரிந்தது. "தாஹான்" என்றதும் நின்றது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இருமல் மட்டும் கொடுமை. தலையணையை அணைத்து, பல்லைக் கடித்து ஒன்று இருமினார், மலாயில் ஒரு கெட்ட வார்த்தை, அப்புறம் இன்னொன்று. பச்சையாகச் சளி வந்தது. மதியம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

21 மார்ச், வெள்ளி
காய்ச்சல் இல்லை. வார்டு முழுக்க ஒரு சுற்று நடந்தார். பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் முருகன் கோயிலுக்குப் போகலாமா என்கிறார். முதலில் கழிவறை வரை துணையில்லாமல் போங்கள் என்றேன்.

27 மார்ச், வியாழன்
வீடு திரும்பினோம். டாக்சியில் இருமல் வந்துவிட்டது. தலையணையோ டிக்கியில். சட்டென்று என் கைப்பையைப் பிடுங்கி வயிற்றில் அழுத்திக்கொண்டு மூன்று முறை இருமினார். என் மூக்குக்கண்ணாடி அதற்குள்தான் இருந்தது.