126 வண்டிக்கு ஆயுத பூஜை

காலை பத்து மணிக்கு ஸ்கூட்டருக்கு மாலை வாங்கப் போனேன். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தால், என் கார்கள் அத்தனைக்கும் நெற்றியில் பொட்டு.

என்னிடம் 126 டைகாஸ்ட் கார்கள், அதாவது உலோகத்தை உருக்கி வார்த்த பொம்மைக் கார்கள், இருக்கின்றன. ஐந்து மட்டும் 1:18 அளவு, முக்கால் அடிக்கு மேல் நீளம். மற்றவை கிட்டத்தட்ட எல்லாமே 1:64. நிஜக் காரின் 64-ல் ஒரு பங்கு; உள்ளங்கையில் இரண்டை நிறுத்தலாம். ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், மூலைக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் சொகுசாக இருந்தவை. சென்னைக் காற்றின் ஈரத்தில் சக்கரங்களை இணைக்கும் அச்சுக் கம்பி துருப்பிடிக்கும் என்று பயம். மாதம் ஒருமுறை தூசி தட்டுவேன். துணியால் நேராகத் துடைத்தால் தூசியே உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைக் கீறிவிடும்; அதனால் முதலில் மெத்தென்ற பிரஷ். அந்தப் பிரஷ் என் மனைவி கன்னத்துக்கு வாங்கியது என்பது தனி வழக்கு. "டயர் துடைச்ச பிரஷ்ஷை என் மூஞ்சிக்கு வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அம்மா ஊரிலிருந்து பூஜைக்கு வந்திருந்தாள். வீட்டில் இருக்கிற வண்டிக்கெல்லாம் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவள் சட்டம். அதில் அளவு பற்றி எந்தப் பிரிவும் கிடையாது.

"ஏம்மா, இதுங்களுக்குமா?"

"நாலு சக்கரம் இருக்கா இல்லையா? ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு விட்டா நல்லா இருக்காதுடா."

சாமி முன்னால் செய்தித்தாள் விரித்து, கல்யாண மண்டப பார்க்கிங் மாதிரி வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் லேப்டாப், மகளின் கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பானெட்டிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். உதவி அர்ச்சகராக இருந்த என் ஆறு வயது மகள் முன் கண்ணாடிகளிலும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். "அது டிரைவர் மாமாவுக்குப்பா!"

ஒவ்வொரு காரின் முன்சக்கரத்துக்கு அடியிலும் ஒரு சுண்டைக்காய். 126 வண்டிக்கு எலுமிச்சம்பழம் வாங்க நம் வீட்டில் என்ன பணம் காய்க்கிறதா என்று அம்மா வத்தல் போடக் கொண்டுவந்த பச்சைச் சுண்டைக்காயில் சமாளித்துவிட்டாள்.

என் மனைவி அதைக் குனிந்து பார்த்தாள். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிறவள். "அத்தை, சுண்டைக்காய் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். 64-ஆல பெருக்கினா ரெண்டு அடிக்கு மேல. இது எலுமிச்சை இல்ல, பூசணிக்காய். சரியான அளவுன்னா பெரிய காருக்குக் கடுகு, சின்னதுக்குக் கசகசா வைக்கணும். கசகசாவே கொஞ்சம் பெரிசுதான்."

அம்மா அவளை மரியாதையோடு பார்த்தாள். நான் அப்போதுதான் ஓரமாக இருந்த குப்பைக் கூடையைப் பார்த்தேன்.

இதுவரை நடந்ததை எந்த சேகரிப்பாளனும் பொறுத்துக்கொள்வான். கூடையில் கிடந்தவை அட்டைகள். அட்டையும் பிளாஸ்டிக் குமிழுமாக, பிரிக்காமல், மூலை மடங்காமல் நான்கு வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்த பதினோரு கார்களின் உறைகள். பிரிக்காத காருக்கு ஒரு விலை, பிரித்ததற்கு வேறு விலை. சத்தம் வரவில்லை எனக்கு.

"உறையோட எப்படிடா பொட்டு வைக்கிறது?" என்றாள் அம்மா. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சரி, சந்தனம் காய்வதற்குள் துடைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். "தொடாதே! பூஜையில வெச்சதை நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் எடுக்கணும்." சரஸ்வதி மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் படுத்தேன். இரவெல்லாம் கிரில் இடுக்குகளில் சந்தனம் காய்ந்து இறுகும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

மறுநாள் மகள் முதல் வேலையாக எலுமிச்சை நசுக்கும் சடங்கைத் தொடங்கினாள். நாற்பது கிராம் கார் ஏறினால் சுண்டைக்காய் நசுங்குமா? கார்தான் குப்புற விழுந்தது. இரண்டு விபத்துக்குப் பிறகு போக்குவரத்தை நிறுத்தினேன்.

பிறகு கழுவல். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய பல்துலக்கி. நகப்பூச்சு அழிக்கும் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது. ஒருமுறை அதைத் தொட்டு ஒரு போலீஸ் காரைத் துடைத்து, கதவில் அச்சடித்த எழுத்து முழுக்கப் போய், அந்த வண்டி இன்றுவரை எந்த ஸ்டேஷனையும் சேராமல் நிற்கிறது.

நான் பத்து கார் முடிப்பதற்குள் அம்மா பரிதாபப்பட்டு உதவிக்கு வந்தாள். துணி சோப்பைக் கரைத்து ஒரு வெள்ளைக் காரை அதில் முக்கினாள். பொட்டு இருந்த இடம் ரத்தச் சிவப்பானது. "குங்குமம் இறங்கிடுச்சு போல" என்றாள். குங்குமம் இல்லை. பூஜைச் சந்தனத்தில் மஞ்சள் கலந்திருக்கிறது. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் செய்கிற அதே வேலையைத் துணி சோப்பு செய்துவிட்டது. நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசியதும் மஞ்சளுக்குத் திரும்பியது. மஞ்சள் கறை வெயிலில் வெளுத்துவிடும், அது எல்லா வீட்டுக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் இத்தனை வருடம் நான் திரை போட்டு, இடம் மாற்றி, இந்தக் கார்களைக் காப்பாற்றிவந்ததே வெயிலிடமிருந்துதான், பெயின்ட் மங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பால்கனிக்கு ஓடி, கறை போகிறதா கலர் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலர்த்துவதற்கு மனைவியின் ஹேர் டிரையர், குளிர்காற்றில். அடித்தட்டுக்குள் தண்ணீர் நின்றால் அச்சுக்கு ஆபத்து.

"இவ்வளவு சின்னதா செய்யணும்னு யாருக்குடா தோணுச்சு?" என்று அம்மா கேட்டாள். இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. அவர் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். 1953-ல் மேட்ச்பாக்ஸ், அதாவது தீப்பெட்டி, என்ற பெயரிலேயே குட்டி வண்டிகள் கடைக்கு வந்தன என்று ஆர்வமாகச் சொன்னேன்.

"தீப்பெட்டியில அடங்கினது உன் வீட்டுல ஒரு அலமாரிக்குள்ள அடங்க மாட்டேங்குதே" என்றாள். மனைவி ஹேர் டிரையரை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு 125 முடிந்தது. மிச்சம் ஒரு அம்பாசிடர். கிரில்லின் கோடுகளுக்குள் இறங்கிய சந்தனம் பல்குத்தும் குச்சிக்கும் அசையவில்லை. பார்த்தால் அது அந்த வண்டிக்குக் கொஞ்சம் எடுப்பாகவே இருந்தது. அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். உறை பிரிந்த பதினொன்று மகளிடம் போய்ச் சேர்ந்தன. இனி அவற்றுக்கு விலை பேச யார் வரப்போகிறார்கள்?

அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அடுத்த வருஷம் கசகசா வாங்கி வெச்சிடு. கடுகு வீட்டுல இருக்கும்."