ஊட்டிக்குத்தான் இ-பாஸ், முக்கொம்புக்குப் புளியோதரை போதும்

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் எங்கள் திருச்சியில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "எங்கயாச்சும் குளுகுளுன்னு போயிட்டு வரணும்." பேசுவோம், போக மாட்டோம். அதற்கு ஏற்றாற்போல் 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. என் மாமனாருக்கு அது எத்தனை பெரிய சௌகரியம் என்று சொல்லி மாளாது. "பாஸெல்லாம் கேக்குறானாம், நமக்கு எதுக்கு அந்த வம்பு?" என்று ஒரே வரியில் மலையையே இறக்கி வைத்துவிடுவார். போனிலேயே எடுத்துவிடலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், அன்றைக்கு ஃபேனுக்கு அடியில் அவருக்கு இடமில்லை என்று அர்த்தம்.

இந்த லீவுக்குச் சென்னையிலிருந்து நாத்தனார் தன் இரண்டு பையன்களோடு வந்திருந்தாள். பெரியவன் பத்தாவது எழுதியவன். தலையைப் போனிலிருந்து எடுக்காமலேயே சாப்பிடுவான், நடப்பான், "ம்" சொல்லுவான். சின்னவனுக்கு ஏழு வயது. கேள்விகளாலேயே செய்த பிள்ளை.

"தாத்தா, ஊட்டி ரயில்ல போகணும்."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவர் வாய் இன்னும் டூட்டியில்தான் இருக்கிறது. "அந்த ரயில்ல ஓடற எஞ்சின் எங்க செஞ்சதுன்னு தெரியுமாடா? இதோ, இங்க பொன்மலையில செஞ்சதெல்லாம் அங்க ஓடுது. அடுப்பங்கரைலயே உக்காந்துக்கிட்டு எவனாச்சும் ஓட்டலுக்குப் போவானா?"

அத்தோடு ஊட்டி முடிந்தது. உள்ளூரையே சுற்றுவது என்று தீர்மானம் நிறைவேறியது.

என் வீட்டுக்காரர் உடனே "கோடைக் கொண்டாட்டம்" என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் போனும் ஒரே நேரத்தில் டிங் என்றது. முதல் இடம், ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. வெயிலுக்கு முன்னால் போய், வெயிலுக்கு முன்னால் திரும்பிவிடுவது என்று திட்டம். கேட்கவே நன்றாக இருந்தது.

திட்டத்தில் அத்தையைச் சேர்க்க மறந்துவிட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு எள் வறுக்கும் வாசனைக்கு நான் கண்விழித்தேன். அத்தை புளிக்காய்ச்சலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் வீட்டுக்கு வந்துருவோமே அத்தை, சாப்பாடு எதுக்கு?"

"வழில புள்ளைங்களுக்குப் பசிச்சா?"

வழி என்பது காவிரிப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம். அதற்கு ஒரு சம்படம் புளியோதரை, ஒரு தூக்கு தயிர்சாதம், மாவடு, உருளைக்கிழங்கு வறுவல், நீர்மோர், வெள்ளரிப்பிஞ்சு, அதற்கு உப்பு மிளகாய்த்தூள் தனிப் பொட்டலம், கரண்டி, கை துடைக்கத் துணி, கடைசியாக ஒரு பனையோலை விசிறி. எல்லாவற்றையும் காரின் டிக்கியில் அடுக்கி, தயிர்சாதம் சாயாமல் இருக்க என் வீட்டுக்காரரின் கிரிக்கெட் மட்டையை முட்டுக் கொடுத்தார் அத்தை. அப்புறம் சாமி விளக்கு, அப்புறம் மாமாவின் மூக்குக்கண்ணாடி தேடல், அப்புறம் கேஸை அணைத்தோமா என்று பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தது. இதையெல்லாம் விவரிக்காமல் விடுகிறேன், உங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

போய்ச் சேரும்போது சூரியன் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 2015-இல் வனத்துறை திறந்த பூங்கா அது. ஏகப்பட்ட ஏக்கர், ஏகப்பட்ட செடிகள். வண்ணத்துப்பூச்சியைத்தான் காணோம்.

"எல்லாம் எங்கம்மா போச்சு?" என்றான் சின்னவன்.

"லீவுக்கு ஊட்டி போயிருக்கும்" என்றான் பெரியவன். அவன் ஊருக்கு வந்ததிலிருந்து பேசிய முதல் முழு வாக்கியம் அது.

வண்ணத்துப்பூச்சிக்குப் பறக்க உடம்பு சூடாக வேண்டும், அதற்கு இளவெயில் வேண்டும். ஆனால் திருச்சியின் உச்சி வெயில் அதற்கும் ஆகாது, இலைக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். அந்தப் பூச்சிக்கு இருக்கிற அறிவு எங்கள் குழுவில் ஒருவருக்கும் இல்லை. நாங்கள் எட்டு பேரும் நட்டநடு வெயிலில் நின்று, "நிழல் எங்க இருக்கு?" என்று போனில் மேப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிழல்பக்கம் போனதும் காட்சி மாறியது. ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு விளிம்பு வைத்த வெந்தய வரியன் ஒன்று என் மகளின் தலைக்கு மேல் வட்டமடித்தது. எருக்கஞ்செடியில் முட்டையிடுமே, அதுதான். பிள்ளைகள் அதன் பின்னால் ஓட, அத்தை மட்டும் ஒரு கறிவேப்பிலைச் செடி முன்னால் அசையாமல் நின்றார்.

"ஏம்மா, இங்க வா. இது நம்ம வீட்டுப் புழு."

இலையின் மேல் ஒரு புழு. காக்காய் எச்சம் போலவே பழுப்பும் வெள்ளையுமாய்ச் சுருண்டு கிடந்தது. பறவை கொத்தாமல் இருக்க அது போடும் வேஷம் அது. கொஞ்சம் தள்ளி அதன் அண்ணன், வளர்ந்து பச்சையாகிவிட்டவன். சின்னவன் ஒரு குச்சியால் லேசாகத் தொட்டான். அவ்வளவுதான், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய் ஒரு கவட்டைக் கொம்பு எட்டிப் பார்த்தது, கூடவே மூக்கைத் துளைக்கும் ஒரு நாற்றம். சின்னவன் மூன்றடி பின்னால் பாய்ந்து பாட்டியின் முந்தானைக்குள் புகுந்தான்.

அங்கே வேலை பார்க்கிற அம்மா வந்து, "இதுதாங்க கறுப்பு றெக்கைல வெள்ளைப் புள்ளி வரிசையா வச்சுக்கிட்டுப் பறக்குமே, அந்தப் பூச்சியாகும்" என்றார்.

அத்தை முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, வாரத்துக்கு எத்தனை புடுங்கி எறிஞ்சிருப்பேன்! இதைப் பாக்கவா காசு குடுத்து டிக்கெட் வாங்கினீங்க?"

இரண்டு கேள்வியும் நியாயமானது. அன்றிலிருந்து எங்கள் கொல்லைக் கறிவேப்பிலையில் தெற்குப் பக்கக் கிளை புழுக்களுக்கு, மற்றதெல்லாம் ரசத்துக்கு. எல்லை தாண்டும் புழுவை அத்தை குச்சியால் எடுத்து, "உன் இடத்துல இரு" என்று திட்டித் தெற்கே விட்டுவிடுகிறார்.

அடுத்து ரயில்வே அருங்காட்சியகம். இங்கே வழிகாட்டி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை பொன்மலைக்கு வந்ததை, தானே கையெழுத்துப் போட்டு அனுமதித்த மாதிரி தொடங்கினார் மாமா. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வராமல் எப்படித் தடுத்தார்கள் என்பதற்கு வந்தபோது குரல் உயர்ந்தது. "கருவிக்குள்ள இரும்பு உருண்டை இருக்கும். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒண்ணுதான் வெளிய வரும். அது கையில இல்லாம டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. அதைப் பிரம்பு வளையத்துல கட்டி நீட்டுவாங்க, ஓடற வண்டிலேர்ந்தே புடிச்சுக்குவான்!" எங்களோடு சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்களும் நின்று கேட்டன. பெரியவன் போனைப் பாக்கெட்டில் போட்டான். என் வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்.

வெளியே குட்டி ரயில். சின்னவன் தனியாகப் பயப்படுவான் என்று மாமா துணைக்கு ஏறினார். முழங்கால் இரண்டும் தாடைக்கு முட்ட உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். வண்டி நின்றதும் சின்னவன் இறங்கிவிட்டான். துணை இறங்கவில்லை.

"மாமா, வாங்க!"

"இரும்மா, பிரேக் எப்புடி புடிக்கிறான்னு பாக்கணும்."

கடைசியாக ஒரு சாயங்காலம் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம், 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் மதகுகள் அடித்துக்கொண்டு போனதை மாமா கையை வீசி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எதிரே பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை மணல், நடுவில் கணுக்கால் அளவுக்கு ஒரு தண்ணீர்க் கோடு.

"வெள்ளம் எங்க தாத்தா?"

"ஜூன் 12 மேட்டூர்ல தொறப்பாங்க. அணையில தண்ணி இருந்தா. அப்புறம் ரெண்டு மூணு நாள்ல இங்க வந்துரும்."

அந்தக் கணுக்கால் தண்ணீரே போதுமாக இருந்தது அவர்களுக்கு. என் மகள் அணை கட்டினாள், சின்னவன் அதை உடைத்தான், பெரியவன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் புதிதாக மதகு வைத்துக் கொடுத்தான். நாங்கள் மணலில் உட்கார்ந்து பொரித்த மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். "மசாலால உப்பு தூக்கலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அத்தை மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார். பக்கத்தில் புளியோதரைச் சம்படம் திறக்கப்படாமல் இருந்தது. அதை யாரும் அவரிடம் ஞாபகப்படுத்தவில்லை.

சின்னவன் சொட்டச் சொட்ட வந்து நின்றான். "அம்மா, ஜூன் 12-க்கு நான் இங்கதான் இருப்பேன்."

"ஸ்கூல் தொறந்துருமேடா."

"இங்கயே ஸ்கூல்ல சேர்த்து விடு."

நாத்தனார் மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "சேர்த்து விடறேன். காலைல நாலு மணிக்கு எழுந்து பாட்டிக்கு எள் வறுத்துக் குடுக்கணும், பரவால்லையா?" என்றாள்.

சின்னவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, தண்ணீருக்குள் நின்ற அண்ணனைக் கைகாட்டினான்.

"அவனையும் சேர்த்து விடு. அவன் வறுப்பான்."