போரோ மடத்துக்கு ஓடு போட்டிருக்கலாமா?

"மழை இவ்வளவு பெய்கிற ஊர். சாய்வாக ஓடு போட்டிருக்கலாமே சார்?"

வரைபடங்களை வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது இளம் பொறியாளர் ஒருவர் கேட்டது இது. பேச்சு சான்டா மரியா டோ போரோவைப் பற்றி: போர்ச்சுகலில் விடுதியாக மாற்றி, தட்டையான புல் கூரை போட்ட பழைய மடம். பழைய கட்டடங்களை விடுதியாக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "ஓடு போட்டால் அது பழசு மாதிரி நடிப்பதாகிவிடும்" என்று சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டார். அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அது போதவில்லை என்றே தோன்றிக்கொண்டிருக்கிறது.

வட போர்ச்சுகலில் அமாரிஷ் வட்டாரத்தில் இருக்கிற சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் மடம் அது. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1834இல் அரசு துறவு சபைகளைக் கலைத்துச் சொத்துகளை எடுத்துக்கொண்டது. அதன்பின் மடம் பாழடைந்து, கூரை போய், கருங்கல் சுவர்கள் மட்டும் நின்றன. கட்டடக் கலைஞர் எடுவார்டோ சோட்டோ டி மோரா, உம்பெர்ட்டோ வியேராவுடன் சேர்ந்து 1989இல் வேலையை எடுத்து, 1997இல் விடுதியாக முடித்தார். பழைய மடத்தைத் திரும்ப எழுப்பவில்லை, அதன் கற்களைக் கொண்டு ஒரு விடுதி கட்டுகிறேன் என்பதுதான் அவர் நிலைப்பாடு. அதனால் சாய்கூரையைத் திரும்பப் போடவில்லை. தட்டையாகத் தளம் போட்டு, மேலே புல்லை வளரவிட்டார். கீழே நின்று பார்த்தால் கூரையே தெரியாது. சுவர் வானத்தோடு முடியும்.

என் பதிலுக்கு ஆதாரம், பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாத்துச் சீரமைப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964இன் வெனிஸ் சாசனம். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. புதிதாகச் சேர்ப்பது பழையதோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் பழையது என்று யாரும் ஏமாறக் கூடாது என்கிறது 12ஆம் பிரிவு. புல் தளத்தைப் பார்த்து அதை மடத்துக் காலத்துக் கூரை என்று யாரும் நினைக்கப்போவதில்லை. இந்த அளவில் போரோ சுத்தமான வேலை.

ஆனால் அந்தப் பொறியாளர் சாசனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்டார். போரோ இருக்கிற மின்யோ பகுதி போர்ச்சுகலிலேயே மழை அதிகம் காண்கிற பகுதி. அங்கே ஓட்டுக்கூரை என்பது அழகுக்காக வந்த வழக்கமல்ல.

பழைய கற்சுவர் மேல் புல் தளம் போட நாம் எழுதிக் கொடுக்கிற விவரங்களை நினைத்துப் பாருங்கள். சுவரின் தலையில் பாரத்தைப் பரப்ப ஒரு கான்கிரீட் பீம், அதன் மேல் தளம். தண்ணீர் வடிய மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம். அதற்கு மேல் நீர்த்தடுப்பு விரிப்பு, வேர் துளைக்காத விரிப்பு, வடிகால் அடுக்கு, வடிதுணி, கடைசியாக 10 முதல் 15 செ.மீ. மண். மழையில் ஊறிய அந்த மண் மட்டும் சதுர மீட்டருக்கு 250 கிலோ வரை வரும். மரச்சட்டத்தோடு சேர்த்து ஓட்டுக்கூரையின் எடை ஏறக்குறைய 100 கிலோதான். மண் கொட்டுவதற்கு முன்னால் பாத்தி கட்டி, 5 செ.மீ. தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். மண் விழுந்தபிறகு கசிவைத் தேடுவதென்றால் தளத்தையே தோண்ட வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஓரிடம் பாக்கி இருக்கும்: தளமும் பழைய சுவரும் சேருகிற மூலை. விரிப்பை மண் மட்டத்துக்கு மேலே 15 செ.மீ. சுவரில் ஏற்றி ஒட்ட வேண்டும். புதுச் சுவரென்றால் ஏறிவிடும். பழைய கற்சுவரின் முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும்; உள்ளே, இரண்டு முகக் கற்களுக்கும் நடுவில் உடைகல்லும் மண்ணும் சுண்ணாம்பும்தான். சுவரின் தலையில் விழுகிற மழை அந்த நடுப்பகுதிக்குள் இறங்கி, விரிப்புக்குப் பின்னால் வழி கண்டுபிடித்து, அறைக்குள் ஓதமாக வெளிவரும். விரிப்பில் ஒரு குறையும் இருக்காது, அறை மட்டும் ஒழுகும். அதனால் சுவரின் தலையைச் சுண்ணாம்புச் சாந்தால் மூடி, தளப்பக்கமாக வாட்டம் கொடுத்து, தண்ணீர் விரிப்பின் மேல் விழும்படி ஈயத் தகட்டை மடக்கிச் செருகுகிறோம். சிமென்ட் பூசினால் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும்.

தளம் வெயிலில் நீளும் என்பதும் உண்டு. 20 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி ஏறி இறங்கினால் 6 மி.மீ. நகரும். சாந்து செத்துப்போன சுவரைத் தள்ள அது போதும். மேலே மண் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறையும். புல்லுக்காக வாதாடும்போது நான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது இதைத்தான், ஆனால் சாசனத்தைச் சொன்னேன்.

ஓட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு ஓடு உடைந்தால் ஏறக்குறைய அதற்கு நேர் கீழே சொட்டும். ஊரில் ஒருவர் ஏணி வைத்து ஏறி மாற்றிவிடுவார். புல் தளத்தில் தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி வெளிவரும். வடிகுழாயின் வாயில் வேரும் சருகும் அடைத்தால் தளத்தில் தண்ணீர் தேங்கும், கீழே யாருக்கும் தெரியாது. குழாய் வாயைச் சுற்றி 30 செ.மீ.க்குக் கூழாங்கல், மேலே திறந்து பார்க்கிற மூடி, வருடத்துக்கு இரண்டு முறை ஆள் ஏறிப் பார்ப்பது என்று எழுதி வைக்கிறோம். விடுதி நன்றாக ஓடுகிறவரை இதெல்லாம் நடக்கும்.

அப்படியானால் ஓடுதான் சரியா? அதையும் சொல்ல முடியவில்லை. ஆள் பார்க்காத ஓட்டுக்கூரையில் இரண்டு மூன்று ஓடு சரிந்தாலே மரம் நனைந்து உளுத்துவிடும். மரம் போனால் கூரையும் போகும். கைவிடப்பட்ட மடங்கள் பலவும் கூரை இழந்து நின்றது இப்படித்தான்.

இதே மின்யோவில், கிமராயிஷ் நகரை ஒட்டிய சான்டா மரின்யா டா கோஸ்டா மடத்தை 1985இல் விடுதியாக்கி முடித்தவர் ஃபெர்னாண்டோ டாவோரா, சோட்டோ டி மோராவுக்கு ஆசிரியர். அவர் பழைய கட்டடத்தைப் பழைய கட்டடமாகவே தொடரவிட்டு, வேண்டிய கூடுதல் அறைகளுக்குத் தனியாகப் புதுப் பகுதி கட்டினார். பழைய சுவரை உடைத்து 110 மி.மீ. கழிவுக் குழாய்க்கு வழி தேடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். போரோவில் அப்படிப் பிரித்துவைக்க வாய்ப்பில்லை. கூரையில்லாத சுவர்களுக்கு உள்ளேதான் எல்லாமே அமைய வேண்டும். என் பார்வையில் இரண்டுமே நேர்மையான வேலைகள். ஆனால் அடுத்த தலைமுறை பராமரிப்பாளருக்கு டாவோராவின் கட்டடம் எளிதாக இருக்கும், சீடரின் கட்டடம் கடினமாக இருக்கும்.

நினைவுச் சின்னங்களைப் பயன்படுத்துவது அவற்றைக் காக்க உதவும் என்கிறது சாசனத்தின் 5ஆம் பிரிவு. பயன்பாடு நின்றால் என்ன செய்வது என்று அந்தப் பிரிவில் இல்லை. இப்போது நாங்கள் தளக் கூரை வரைகிற இடங்களில், சுவரும் தளமும் சேருகிற மூலையில் உட்பக்கம் ஒரு கைப்பிடி உயரத்துக்குப் பூச்சில்லாமல் விடச் சொல்கிறேன். ஓதம் வந்தால் பூச்சுக்குப் பின்னால் ஒளியாமல் முதல் மழையிலேயே கண்ணில் படட்டும் என்று. விடுதிக்காரர்கள் பாதிப் பேர் அதை மூடச் சொல்கிறார்கள்.