பிஓ கோப்புக்காவது கமிட் உரிமை கொடுங்கள்

ஒரு கட்டற்ற எழுத்துச் செயலியில் பத்தியை ஒதுக்கும் மூன்று பொத்தான்களுக்குத் தமிழில் "இடது", "நடு", "சரி" என்று பெயர் இருந்தது. ரைட் என்ற சொல்லுக்கு யாரோ தவறான பொருளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஓகே பொத்தானிலும் அதே "சரி". அன்றிரவே "வலது" என்று மாற்றி, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன், ஒரே ஒரு சொல், நான்கு மாதம் அப்படியே கிடந்தது. அதற்குள் ஒரு வெளியீடு போய்விட்டது. 5 ஆண்டு ஆதரவு தரும் லினக்ஸ் வழங்கல் (செயலிகளோடு சேர்த்துத் தரப்படும் இயங்குதளத் தொகுப்பு) ஒன்று அந்த வெளியீட்டைத்தான் எடுத்துக்கொண்டது.

கடைசியில் அதை ஏற்று நிரலோடு சேர்த்த (மெர்ஜ் செய்த) பராமரிப்பாளருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் வேறெதை எழுதியிருந்தாலும் அப்படியேதான் உள்ளே போயிருக்கும். அப்புறம் எதற்கு அந்த நான்கு மாதம்? தமிழ் தெரிந்த இன்னொருவர் பார்த்திருந்தால் அதுதான் உண்மையான சரிபார்ப்பு. அதனால்தான் சொல்கிறேன், மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்புக்காவது மொழிபெயர்ப்பவர்களுக்குக் கமிட் உரிமை, அதாவது மாற்றத்தை நேரடியாகச் சேர்க்கும் உரிமை, கொடுங்கள்.

லினக்ஸுக்கு மேசைத்தளம் செய்யும் க்னோம் திட்டத்தில் இதைச் சரியாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு மொழிக்குழுவுக்குள்ளேயே மொழிபெயர்ப்பவர், மறுபார்வை செய்பவர், கமிட் செய்பவர் என்று பொறுப்புகள் உண்டு. அதேபோன்ற இன்னொரு திட்டமான கேடிஇ, நிரல்களை கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவிக்கு மாற்றிய பிறகும் மொழிபெயர்ப்புகளைத் தனியாக சப்வெர்ஷன் என்ற பழைய கருவியிலேயே வைத்திருக்கிறது, நிரலிலிருந்து சரங்களை (திரையில் தெரியும் சொற்றொடர்களை) எடுத்துக் கொண்டுவந்து வைக்கும் வேலையை ஸ்கிரிப்டி என்ற தானியங்கி பார்த்துக்கொள்கிறது.

பாதுகாப்பு என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) கண்டுபிடிக்கப்பட்டதே, அதை வைத்தவர் 2 ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாகப் பங்களித்து பராமரிப்பாளர் ஆனவர். அதனால்தான் நான் நிரல் முழுவதும் இருக்கும் ரெபோவையும் கேட்கவில்லை, மொழிபெயர்ப்பு அடைவை மட்டும் கேட்கிறேன். பிஓ கோப்பு நிரல்போல ஓடுவதில்லை. எண்ணோ பெயரோ வந்து உட்காரும், %1 போல சதவீதக் குறியோடு வரும் இடங்களைத் தப்பாக எழுதினால் செயலி விழக்கூடும், உண்மை, ஆனால் அதைப் பிடிக்கும் சோதனை பிஓ கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் கருவியிலேயே இருக்கிறது, ஒவ்வொரு கமிட்டிலும் ஓடவிட்டால் போதும்.

நிரலையே தொட வேண்டிய இடம் வேறு. "பேஜ் %1 ஆஃப் %2" என்று முழுச் சரமாகக் கொடுத்தால் "%2 பக்கங்களில் %1ஆம் பக்கம்" என்று திருப்பிப் போட்டுவிடலாம். "டெலிட்" என்பதைத் தனியாக வைத்து அதன் பின்னால் கோப்பின் பெயரை ஒட்டும் நிரலில் என்ன செய்வது? தமிழில் வினை கடைசியில் அல்லவா வர வேண்டும். அங்கே நிரலர்தான் பார்த்து மெர்ஜ் செய்ய வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. இப்படிப்பட்டதைப் பற்றி மொழிபெயர்ப்பவர் பதியும் வழு (நிரல் பிழை) அறிக்கையை விருப்பக் கோரிக்கை என்று மூடிவிடாமல் வழுவாகவே எடுத்துக்கொள்ளட்டும்.

அந்தச் செயலியில் என் திருத்தங்கள் மூன்று இன்னும் வரிசையில் நிற்கின்றன. ஒன்று, சொல் எண்ணிக்கைப் பெட்டியில் கேரக்டர்ஸ் என்பதற்கு "எழுத்துகள்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பாத்திரங்கள்" என்று இருப்பது.