அந்தசிபே காட்டில் ஒரு குட்டி மீன்கொத்தி

அக்டோபர் 21

மடகாஸ்கர் தலைநகர் அன்டனானரிவோவில் இருந்து அந்தசிபே ஏறக்குறைய 140 கிலோமீட்டர்தான். லாரிகளின் பின்னால் ஊர்ந்ததில் பகல் முழுக்கப் போய்விட்டது. விடுதிக்குக் கீழே ஓடையோரம் மலகாசி மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. நீல முதுகு, கறுப்பு அலகு. நம்மூர் சிறு மீன்கொத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. அழகுதான், ஆனால் அது கொமொரோஸ் தீவுகளிலும் உண்டு. நான் தேடி வந்தது மடகாஸ்கரை விட்டால் வேறெங்கும் இல்லாத ஆரஞ்சு நிறக் குட்டி மீன்கொத்தியை.

அக்டோபர் 22

உள்ளூர் கைடு இல்லாமல் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். எங்களுக்கு வந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஓடைப் பக்கம் பார்க்காதீங்க. காட்டுக்குள்ள, முழங்கால் உயரக் கிளைகளைப் பாருங்க." இந்தப் பறவை மீனை நம்பிப் பிழைப்பதில்லை. பூச்சி, சிலந்தி, தவளைதான் சாப்பாடு. 300க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உள்ள தீவில் மீனுக்கு ஏன் அலைய வேண்டும்?

காலையில் மரத்து மேல் இந்திரி லெமூர்கள் (குரங்குக்குத் தூரத்துச் சொந்தம்) ஊளையிட, மற்ற குழுக்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தன. நாங்கள் குனிந்தே நடந்தோம். மதியம் மழை. அப்புறம் அட்டைகள்.

அக்டோபர் 23

பார்த்தாச்சு! மூங்கில் புதருக்குள், காய்ந்த குச்சி ஒன்றில். மொத்தமே 13 சென்டிமீட்டர் இருக்கும். முதுகும் தலையும் செம்மஞ்சள். வெளிச்சம் பட்டால் அதன்மேல் லேசாக ஊதா ஓடுகிறது. வயிறு வெள்ளை, கழுத்தோரம் ஒரு வெள்ளைப் பொட்டு, செக்கச்செவேல் என்று அலகு. தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டியபடி சருகையே பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று விழுந்து, நகக்கண் அளவு தவளையோடு அதே குச்சிக்குத் திரும்பி, இடமும் வலமுமாக அடித்து விழுங்கியது. கேமராவில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 6400க்கு ஏற்றியும் படங்கள் மங்கல்தான். போகட்டும்.

மண்மேட்டில் பொந்து குடைந்து முட்டையிடும் பறவை இது. பொந்து எங்கே என்று கேட்டேன். கைடு அம்மா சிரித்தாரே தவிர சொல்லவில்லை. அதுதான் சரி.

அக்டோபர் 24

திரும்பும் வழியெல்லாம் சாலையோரம் கரி மூட்டைகள், யூகலிப்டஸ் தோப்புகள். நீல மீன்கொத்தி வயல் வரப்பிலும் பிழைத்துக்கொள்ளும். இந்த ஆரஞ்சுக் குட்டிக்கு மரமும் நிழலும் சருகும் வேண்டும். அழியும் பட்டியலில் இது இல்லை என்பது இப்போதைக்கு ஆறுதல்.

நாளை வடமேற்கே அங்கரபன்ட்சிகா. பாதி வருஷம் மழையே பெய்யாத காடு, அங்கேயும் இதே பறவை இருக்கிறது. இந்த மாதத்தில் அங்கே தவளைக்கு என்ன செய்கிறதோ, போய்த்தான் பார்க்க வேண்டும்.